ஜன்னல் பாட்டின் மூன்றாவது சரணம்

சனிக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. கிளப் ஹவுஸின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கையில் டெஸ்டரோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஆறேழு பிள்ளைகள் பாட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜெனரேட்டர், பம்பு, லிஃப்ட் எல்லாம் பார்த்துக்கொள்கிற ஆள் நான். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இது தெரியும், புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்ப்ளிஃபயரைப் போட்டாலே டிரிப் ஆகிறது என்று அன்றைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போர்டைச் சரிசெய்து கொடுத்துவிட்டேன். கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

கிடார் வாசிப்பவன் மெல்ல எடுத்துக் கொடுக்க, நந்தினி என்ற பெண் பாடினாள். பி பிளாக்கில் குடியிருக்கிறாள், ஐ.டி.யில் வேலை. கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குத்தான் குரலை விட்டாள். கண்ணாடியில் மழைத்துளி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாம் சரணம் முடிந்தது. பல்லவிக்குத் திரும்பினாள். அதன் கடைசி வரியைப் பாடும்போது குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயவிட்டாள். தூரத்தில் போகிற ரயில் மாதிரி அது கரைந்து காணாமல் போனது.

என் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே திரும்பின, ஒரு குமிழைத் திருகுகிற மாதிரி.

அந்தப் பாட்டுக்கு மூன்று சரணம். இரண்டோடு நிறுத்தி, அந்த இடத்தில் தேய வைத்தது நான். அதனால் ஒரு பெண்ணின் பெயர் கெட்டது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஓடாத படம்

எங்கள் பக்கத்தில் அதை ஜன்னல் பாட்டு என்பார்கள். படத்தின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. அல்சூர் பக்கத்துக் கொட்டகை ஒன்றில் அது ஒரு வாரம்கூட ஓடவில்லை என்று என் மாமா சொல்வார். அந்த ஒரு வாரத்தில் அவர் இரண்டு தடவை பார்த்தாராம், அதுவும் வெளியே மழை பெய்தது என்பதற்காக.

மழை விட்டபின் ஒரு பெண் ஜன்னலருகே நிற்கிறாள். முதல் சரணத்தில் தெருவைப் பார்க்கிறாள். இரண்டாவதில் எதிர்வீட்டுக் கொடியில் மறந்து விட்ட துணியையும், நனைந்த சைக்கிளையும் பார்க்கிறாள். மூன்றாவதில் அவள் காத்திருந்தவன் வந்துவிடுகிறான். அவ்வளவுதான் பாட்டு.

படம் பெட்டிக்குப் போன பிறகு ரேடியோ அதை எடுத்துக்கொண்டது. பிறகு யார் யாரோ. கன்னடத்தில் அதே மெட்டுக்கு வேறு வார்த்தை போட்டார்கள், அதில் ஜன்னலே கிடையாது, ஆற்றங்கரை. எங்கள் தெருவில் இரண்டையும் கலந்து பாடுவார்கள். பல்லவி தமிழ், சரணம் கன்னடம், யாருக்கும் அது தப்பாகத் தெரியாது.

மர்பி டவுனில் புத்த பூர்ணிமா ஊர்வலத்துக்கு அந்த மெட்டில் புத்தர் பாட்டு ஒன்று கட்டியிருந்தார்கள். ஜன்னலில் நின்ற பெண்ணின் இடத்தில் போதிமரம் நின்றது. கல்யாண பேண்டுக்காரர்கள் அதை டிரம்பெட்டில் ஊதி, நடக்கிற வேகத்துக்கு இழுத்தார்கள். பின்னால் டிரம் மெஷின் வைத்து ஒரு ரீமிக்ஸ் வந்தது. அதில் நடுவில் ஓர் ஆள் கோபமாக ஏதோ பேசிவிட்டுப் போவான். என்ன கோபம் என்று இன்றுவரை புரியவில்லை.

போன வருஷம்கூட எங்கள் குடியிருப்புக்கு வரும் ஒரு கம்பெனி கேப் ரிவர்ஸ் எடுக்கும்போது அந்த மெட்டு ஒலித்தது. கேட்டில் நின்ற செக்யூரிட்டி, "சார், வண்டி பாடுது" என்றார். நான் சிரிக்கவில்லை. வண்டி நிற்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

யார் பாடினாலும் மூன்று சரணமோ, இல்லை ஒன்றோதான் பாடுவார்கள். இரண்டோடு நிறுத்தி, தேயவிடுகிற ஒரு வடிவம் எங்கேயும் கிடையாது. ஒரே ஒரு கேசட்டில்தான் அது இருந்தது.

அறுபது நிமிஷம்

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பழைய மெட்ராஸ் ரோடு ஓரமாக இருந்த ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை. சுவர் முழுக்க இசைத்தட்டு. மூடிய கண்ணாடிக் கதவுக்குள் ஊதுவத்தி வாசனையும், சூடேறிய ஆம்ப்ளிஃபயரின் வாசனையும் கலந்திருக்கும்.

வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். அதை நான் காலி கேசட்டில் பதிந்து கொடுக்க வேண்டும். அறுபது நிமிஷக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது. நீளப் பாட்டு, குட்டைப் பாட்டு என்று மாற்றி மாற்றி அடுக்கிக் கணக்காக முடிக்க வேண்டும். முதலாளிக்கு ஒரே ஒரு சட்டம். பாட்டை வெட்டக் கூடாது. டேப் போதாவிட்டால் அந்தப் பாட்டையே விட்டுவிட்டு, தாளில் அதை அடித்துக் காட்ட வேண்டும். மீறினால் வேலை போய்விடும்.

எனக்கு அந்த வேலை ஒத்துப்போனது. யாரிடமும் அதிகம் பேச வேண்டாம். தாளை வாங்கினால் போதும்.

விமலாக்கா ஒருநாள் தாள் கொண்டுவந்தார். மர்பி டவுன்காரர். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ மூத்தவர். மாசிலாமணி மாஸ்டரின் ஆர்கெஸ்ட்ராவில் அப்போதுதான் சேர்த்திருந்தார்கள். தாளில் முதல் பாட்டு ஜன்னல் பாட்டு. அதன் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்.

எங்களிடம் அந்தப் பாட்டின் இசைத்தட்டு ஒன்றுதான் இருந்தது. அதையும் முதலாளியின் நண்பர் இரவல் வாங்கிப் போயிருந்தார். மற்றதையெல்லாம் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். சாயங்காலம் தட்டு வந்து சேர்ந்தபோது, இரண்டாம் பக்கத்தின் கடைசியில் கொஞ்சம்தான் டேப் பாக்கி. முழுப் பாட்டுக்கு ஒன்றரை நிமிஷம் குறைந்தது.

அடித்துக் காட்டியிருக்க வேண்டும். அந்த இரண்டு கோடுகளைப் பார்த்ததும் மனசு வரவில்லை. இரண்டாம் சரணம் முடிந்து பல்லவி திரும்புகிற இடத்தில், வால்யூம் குமிழைப் பிடித்து மெல்ல மெல்லத் திருகினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினேன் என்றே சொல்லலாம். திரும்பப் போட்டுக் கேட்டேன். பாட்டே அப்படித்தான் முடிகிறது என்று தோன்றியது. பெருமையாகக்கூட இருந்தது.

கேசட் அட்டையில் பாட்டின் பெயரைப் பச்சை மையில் எழுதினேன். வெட்டியதை எழுதவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

உற்சவ மேடை

நாலு மாதம் கழித்து, எங்கள் ஏரியா அண்ணம்மா உற்சவம். பெங்களூரில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மனைப் பந்தலில் உட்கார வைத்து, எதிரே மேடை போட்டு, ஆர்கெஸ்ட்ரா வைப்பார்கள். முதலில் கன்னடப் பாட்டுகள், பிறகுதான் தமிழ். கூட்டத்திலிருந்து சீட்டு எழுதி மேடைக்கு அனுப்புவார்கள்.

ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் ஒத்திகை எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் தெரிந்த பாட்டென்றால் பல்லவியும் ஒரு சரணமும் மட்டும்தான் பார்ப்பார்கள். சுருதி சரி, தாளம் சரி, அடுத்தது. வாத்தியக்காரர்களுக்கு மூன்று சரணமும் கையிலேயே இருக்கும். பாடுகிறவர் வீட்டில் கேசட்டைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வருவார்.

ஜன்னல் பாட்டைக் கேட்டு ஏழெட்டுச் சீட்டு வந்தது. விமலாக்கா ஊதா நிறப் புடவையில் வந்து நின்று பாடினார். அந்தக் குரலுக்குக் கூட்டம் அப்படியே அடங்கியது. பட்டாணி விற்கிறவர்கூட வண்டியைத் தட்டுவதை நிறுத்தினார். இரண்டாம் சரணம் முடிந்தது. பல்லவியைப் பாடினார். நான் தேயவிட்ட அதே இடத்தில், அதே மாதிரி குரலைத் தேயவிட்டார். கை குவித்து நன்றி சொல்லி, மைக்கை ஸ்டாண்டில் வைத்தார்.

வாத்தியங்கள் மூன்றாம் சரணத்துக்கான இசையை ஆரம்பித்தன.

அது முடிவு இசை என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார். இசை முடிந்து, பாட வேண்டிய இடம் வந்தது. யாரும் பாடவில்லை. தபேலா மட்டும் இரண்டு ஆவர்த்தனம் தனியாகப் போனது. மாஸ்டர் கீபோர்டில் மறுபடி எடுத்துக் கொடுத்தார். விமலாக்கா திரும்பி அவரைப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து ஒருவர், "அக்கா, இன்னொரு சரணம் பாக்கி இருக்குது" என்று கத்தினார். ஒரு விசில். பிறகு சிரிப்பு.

மேடைக்குப் பக்கத்தில், ஜெனரேட்டர் ஓரமாக நான் நின்றிருந்தேன். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

கவுண்டரில்

மறுநாள் காலை மாஸ்டர் கடைக்கு வந்தார். பின்னால் விமலாக்கா. மாஸ்டர் கையில் கேசட். முதலாளி என் பக்கத்தில் நின்று கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் என்னைக் கேட்டார்: "தம்பி, இந்தப் பொண்ணு மூணாவது சரணம் கேசட்டுலயே இல்லேன்னுது. நீ முழுசா பதிஞ்சியா இல்லியா?"

முதலாளி நோட்டை மூடினார்.

நான் சொன்னேன்: "முழுசாதான் பதிஞ்சேன், மாஸ்டர். வீட்ல தெரியாம அழிச்சிருப்பாங்க."

விமலாக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் மறந்திருப்பேன். அவர், ஏதோ புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டவர் போலப் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார்.

அடுத்த வாரமே ஓசூர், கோலார் பக்கம் வரிசையாக மேடைகள் இருந்தன. அவரை அழைத்துப் போகவில்லை. மறந்தது தப்பில்லை, கேசட் மேல் பழி போட்டதுதான் தப்பு என்று மாஸ்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வேறு குழுக்களும் கூப்பிடவில்லை. 'ரெண்டு சரணம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேடையில் மைக் கோளாறு ஆகி நேரம் கடத்த வேண்டியிருந்தால், மாஸ்டர் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பாராம். விமலாக்காவின் கல்யாணத்தில்கூட யாரோ, "ரெண்டு முடிச்சுலயே எழுந்துடப் போறா" என்றார்களாம்.

நான் அதன்பிறகு மர்பி டவுன் வழியாக நடந்ததில்லை. மார்க்கெட்டுக்குப் போனால்கூடச் சுற்றிக்கொண்டு போவேன். ரெக்கார்டிங் சென்டர்கள் மூடின. எலெக்ட்ரிகல் வேலை கற்றுக்கொண்டேன். கல்யாணம், பிள்ளைகள், பம்பு, லிஃப்ட்.

நந்தினியின் மிஸ்

அந்தச் சனிக்கிழமை, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அந்தக் குடியிருப்பில் யாரிடமும் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சரியா இருக்கு அங்கிள், திரும்ப டிரிப் ஆகல" என்றான் கிடார்க்காரன்.

நான் நந்தினியைக் கேட்டேன், மூன்றாவது சரணம் பாடவில்லையா என்று. குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எங்க மிஸ் இப்படித்தான் அங்கிள் சொல்லிக் குடுத்தாங்க. யூடியூப்ல மூணு இருக்கு, பாத்திருக்கேன். ஆனா மிஸ் அத பாட விடமாட்டாங்க. கடைசில குரல இப்படிக் கரைக்கணும், அதான் இந்தப் பாட்டுக்கு உயிருன்னு சொல்வாங்க."

யார் மிஸ் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளே சொன்னாள். மர்பி டவுனில் விமலா மிஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு.

அன்றைக்கு மீதி நேரம் பம்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். மோட்டார் ஓடுகிற சத்தத்துக்குள் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெட்டை அவர் ஏன் வைத்துக்கொண்டார்? அதன் மேல் வெறுப்பு வந்து தூக்கி எறிந்திருக்க வேண்டாமா? எத்தனை பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்? என் விரல் திருகிய திருகலை எத்தனை தொண்டைகள் பாடிக்கொண்டிருக்கின்றன?

மறுநாள் பஸ் பிடித்தேன்.

மர்பி டவுன்

குறுகலான சந்து. மாடிப்படிக்குக் கீழே இரண்டு தையல் மெஷின். பிள்ளைகள் வகுப்பு முடிந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். விமலாக்கா புடவைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"கேசட்டுக் கடைத் தம்பி" என்றார். "வா. செருப்ப வெளிய விடு."

பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. டேப் போதாமல் போனதை, குமிழைத் திருகியதை, முதலாளிக்குப் பயந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, கடைசிவரை கேட்டார். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் எடுத்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"எங்கிட்ட எதுக்கு சொல்ற? நீ பொய் சொன்னது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரியாதவங்ககிட்ட போய் சொல்லு."

நான் தலையாட்டினேன். பிறகு, அந்த வெட்டை ஏன் இன்னும் பாடுகிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"ரேடியோல ஒரு சரணத்தோட நிறுத்திடுவாங்க. நாலு மாசம் தெனமும் அந்தக் கேசட்ட கேட்டேன். அதுல யாரும் வரல. அவ பாட்டுக்கு ஜன்னல்ல நிக்கிறா, அப்படியே போயிடுது. அப்புறம் மாஸ்டர் வீட்ல தட்டப் போட்டுக் காட்டுனாங்க. மூணாவதுல அவன் வந்துடுறான். எனக்கு, யாரோ தெரியாத ஆளு வீட்டுக்குள்ள வந்து உக்காந்த மாதிரி இருந்தது. நீ வெட்டுனது சரியான எடம்தான் தம்பி. வெட்டுனேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மேடையிலயே மாஸ்டர்கிட்ட ரெண்டோட நிறுத்திக்கலாம்னு சொல்லிருப்பேன். அவ்ளோதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் ஊதா நிறப் புடவை உடுத்தி நின்ற மேடைகள் எல்லாம் போயிருந்தன.

மாஸ்டர் ஜோகுபாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறார் என்றார். நான் எழுந்தேன். அவரும் எழுந்து, மெஷினுக்கு உறையைப் போட்டார்.

"நீ தனியாப் போனா வாசல்லயே திரும்பிடுவ. நானும் வரேன்."

ஜோகுபாளையம்

மாஸ்டருக்கு எண்பது இருக்கும். கட்டிலில் சாய்ந்து, மடியில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். மருமகள் கதவைத் திறந்து, யார் வந்திருப்பது என்று உரக்கச் சொன்னாள்.

"யாரு விமலா? ஓ, நம்ம ரெண்டு சரணமா?" என்று சிரித்தார். மருமகளும் சிரித்தாள். அந்தக் கதை அவளுக்கும் தெரிந்திருந்தது. காபிக்குப் பால் வாங்கிவரக் கடைக்குக் கிளம்பினாள். விமலாக்கா நாற்காலியில் உட்கார்ந்து, பேசு என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

மாஸ்டருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"முழுசா பதிஞ்சேன்னியேடா?" என்றார்.

"பொய் சொன்னேன், மாஸ்டர்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வை ஒன்றும் இல்லை. எத்தனை மேடையில் அதைச் சொல்லியிருப்பேன் என்று தனக்குத்தானே முனகிக்கொண்டார். பிறகு விமலாக்கா பக்கம் திரும்பி, அன்றைக்கு நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னேனே மாஸ்டர். கேசட்டுல இல்லேன்னு சொன்னேன். நீங்க இவனக் கேட்டீங்க."

வெளியே தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மாஸ்டர், கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுக்கச் சொன்னார். பழைய சின்ன கீபோர்டு. நான்தான் பிளக்கைச் சொருகிக் கொடுத்தேன்.

"எந்தக் கட்டை?" என்று மாஸ்டர் விமலாக்காவிடம் சுருதி கேட்டார்.

"அப்ப அஞ்சு. இப்ப நாலுக்கு மேல ஏறாது."

விமலாக்கா பாடினார். குரல் அன்றைக்கு இருந்த மாதிரி இல்லை. ஓரங்கள் கொஞ்சம் தேய்ந்திருந்தன. ஆனால் தெரு வந்தது, கொடியில் மறந்த துணி வந்தது, நனைந்த சைக்கிள் வந்தது. மாஸ்டரின் விரல் தப்பான கட்டையில் இரண்டு தடவை விழுந்தது. இரண்டாம் சரணம் முடிந்து விமலாக்கா பல்லவிக்குத் திரும்பினார். கடைசி வரியில் குரல் தேய ஆரம்பித்தது. மாஸ்டரின் வலது கை, பழக்கத்தில் மூன்றாம் சரணத்து இசைக்குப் போயிற்று. இரண்டு ஸ்வரம் ஒலித்தது. கையை எடுத்தார். அந்தரத்தில் வைத்திருந்தார். பிறகு பல்லவியின் ஸ்வரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, விமலாக்காவின் குரலோடு சேர்த்து அதையும் மெல்லக் குறைத்தார்.

முடிந்ததும் மாஸ்டர், தாளம் எங்கோ ஓர் இடத்தில் ஓடிவிட்டது என்று குறை சொன்னார். வயசும்தான் ஓடிவிட்டது மாஸ்டர் என்றார் விமலாக்கா.

மருமகள் காபியோடு வந்தாள். மாஸ்டர் அவளைக் கையைக் காட்டி நிற்கச் சொன்னார்.

"இவங்க விமலா. நம்ம ட்ரூப்புல பாடுனவங்க. நல்லாப் பாடுவாங்க."

அவளுக்குப் புரியவில்லை. "இப்பதானே மாமா, ரெண்டு சரணம்னு சொன்னீங்க" என்றாள்.

"அது இவன்" என்று மாஸ்டர் என்னைக் காட்டினார்.